ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் போடணுமா, கூட வந்த இரும்பு சைட்டே போதுமா?

தம்பி, உங்க கேள்விய முதல்ல சுருக்கமா போட்டுடுறேன், வேற யாராச்சும் படிச்சா புரியணும்ல. புதுசா ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கிருக்கீங்க, பேரல மடக்கி லோடு பண்ற டைப்பு, 0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர் ரவை. ராமநாதபுரம் மாவட்டத்துல பெரியபட்டினம் பக்கம் சொந்தத் தோப்பு, அங்க 15, 20 மீட்டர்ல பேப்பரும் பால் டின்னும் வச்சு சுடணும், அம்புட்டுதான் ஆசை. கூட்டாளிக எல்லாம் இரும்பு சைட்டு, அதான் துப்பாக்கி மேல முன்னயும் பின்னயும் இருக்க குறி, பழைய காலத்து சமாச்சாரம், நாலுல இருந்து பதினாறு மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டுற 4-16 ஸ்கோப் ஒண்ணு போடுன்னு உசுப்பேத்துறாங்க, ஸ்கோப் விலையப் பாத்தா துப்பாக்கி விலைக்குப் பக்கத்துல வந்து நிக்குது. வாங்கலாமாண்ணேன்னு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு வாங்காதீங்க. இரும்பு சைட்டோட ஒரு வருசம் சுடுங்க. காசு மிச்சம் பண்ணச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, உங்க தூரத்துக்கும் உங்க துப்பாக்கிக்கும் நம்ம கடக்கரைக்கும் அதுதான் சரியா வரும், ஏன்னு கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

உங்க கூட்டாளிக பாக்கிற வீடியோ எல்லாம் அமெரிக்காக்காரன் போடுறது. அவன் 100 யார்டு, 300 யார்டு, அதுக்கும் அங்கிட்டு, வெடிமருந்து ரைஃபிள்ல, மானு பன்னின்னு சுடுறான், அவனுக்கு ஸ்கோப் வேணும்தான். ஆனா அந்த ஊர்லயே சர்வீஸ் ரைஃபிள் போட்டில, அதாவது ராணுவ மாடல் ரைஃபிள் வச்சு சுடுற போட்டில, 2016க்கு முன்னாடி வரைக்கும் ஸ்கோப்ப உள்ளயே விடல, 600 யார்டு வரைக்கும் பீப் சைட்டு, அதாவது சின்ன ஓட்டை வழியாப் பாக்கிற பின் குறி, வச்சே சுட்டாங்க, 2016ல தான் நாலரை மடங்கு வரைக்கும் பெருசாக்குற ஸ்கோப்புக்கு அனுமதி குடுத்தாங்க. 600 யார்டுங்கிறது அரை கிலோமீட்டருக்கு மேல. நம்ம பேசுறது தோப்புல இந்தத் தென்னைல இருந்து அந்தத் தென்னைக்கு.

நம்ம நாட்டுக் கதைக்கே வருவோம். 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனது, 2012ல லண்டன்ல ககன் நாரங் வெண்கலம் வாங்குனது, ரெண்டும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ரெண்டுலயும் ஸ்கோப் கிடையாது. 2024ல பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்தது 50 மீட்டர்ல, அதுவும் அப்பிடித்தான். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவனும் அதே 10 மீட்டர் ஆளுதான். ரூல்லயே டெலஸ்கோப் சைட்டு கூடாதுன்னு இருக்கு. அந்த 10 மீட்டர் டார்கெட்டோட கறுப்பு வட்டம் மொத்தமே 30.5 மில்லிமீட்டர், நடுவுல இருக்க பத்து வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையில வச்சமாதிரி. பத்து மீட்டர் தள்ளி நின்னா அந்தப் புள்ளி யாரு கண்ணுக்கும் தெரியாது. தெரியாத புள்ளிய வரிசையா அடிக்கிறாங்க.

அது எப்பிடின்னா, பக்கத்துப் பக்கத்துல இருக்க ரெண்டு புள்ளிய தனித்தனியா பிரிச்சுப் பாக்கிறதுக்கு நம்ம கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கு. ஆனா ஒரு கோட்டுக்கு நேரா இன்னொரு கோடு நிக்குதா, ஒரு வட்டத்துக்கு நட்டநடுவுல இன்னொரு வட்டம் உக்காந்திருக்காங்கிறதப் பாக்குறதுல கண்ணு அந்த எல்லையவிட பல மடங்கு கூர்மை. சுவத்துல மாட்டுன காலண்டர் ஒரு நூல் சாஞ்சிருந்தாலும் வீட்டுக்குள்ள வந்தவுடனே கண்ண உறுத்துதுல்ல, அதே திறமைதான் இது. இரும்பு சைட்டு முழுக்க இதத்தான் நம்பி இருக்கு. குறி தெளிவா தெரியணும்னு அவசியமே கிடையாது, முன் குறியும் பின் குறியும் ஒண்ணுக்கொண்ணு சரியா உக்காந்தாப் போதும்.

அடுத்து உங்க துப்பாக்கி. இந்த விசயத்த கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, வீடியோலயும் ரொம்பக் கம்மி. மடக்குற பேரல் துப்பாக்கில பெரும்பாலும் முன் சைட்டு பேரல் நுனில இருக்கும், பின் சைட்டு பேரலோட அடிக்கட்டைல, மடங்குற மூட்டுக்கு முன்னாடியே இருக்கும். அதாவது ரெண்டும் பேரல் மேலதான். நீங்க ஒவ்வொரு தடவையும் மடக்கி மூடும்போது பேரல் ஒரு மயிரிழை மேலயோ கீழயோ உக்காந்தாலும் ரெண்டு சைட்டும் பேரலோட சேந்தே போகும், ரவை போற திசைக்கும் சைட்டு காட்டுற திசைக்கும் உள்ள உறவு மாறாது. ஸ்கோப்ப மாட்டுறது எங்க? மூட்டுக்குப் பின்னாடி, சிலிண்டர் மேல. அப்ப பேரல் ஒரு பக்கம் பாக்கும், ஸ்கோப் ஒரு பக்கம் பாக்கும். நல்லா இறுக்கமா பூட்டுற துப்பாக்கின்னா பிரச்சனை இல்ல, மூட்டு லேசா தேஞ்சதுன்னா ஒரே இடத்த குறி பார்த்தும் ரவை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு போகும், ஆளு ஸ்கோப்பத் திருகித் திருகியே டப்பாவக் காலி பண்ணிருவாரு. போதாததுக்கு இந்த டைப்புல நிறைய துப்பாக்கிக்கு பேரல் பிறவியிலயே லேசா தொங்கும், இரும்பு சைட்டுக்கு அது கணக்குலயே வராது, ஸ்கோப்புக்கு மட்டும் அதுக்குன்னு தனி மவுண்டு, அதான் ஸ்கோப்ப துப்பாக்கி மேல பிடிச்சு நிறுத்துற கவ்வி, தேட வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் உதைய சேத்துக்கோங்க. வெடிமருந்து ரைஃபிள் உதைச்சா பின்னாடி மட்டும்தான் வரும். ஸ்பிரிங் துப்பாக்கில பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி வரும், பிஸ்டன் போய் முட்டுனவுடனே வெடுக்குன்னு முன்னாடி இழுக்கும். ரெண்டு பக்கமும் அடி. அந்த முன்னாடி இழுக்குற அடிக்குன்னு கட்டாத ஸ்கோப் உள்ளுக்குள்ள கண்ணாடி ஆட்டங்கண்டுரும், பெரிய ரைஃபிளுக்குன்னு செஞ்ச விலை கூடுன ஸ்கோப்பே இதுல போயிருக்கு. ஸ்கோப் தாங்குனாலும் சிலிண்டர் மேல வெட்டியிருக்க 11 மில்லிமீட்டர் பள்ளத்துல மவுண்டு பைய பின்னாடி நகர ஆரம்பிக்கும், அத நிறுத்த ஒரு ஸ்டாப், அந்த ஸ்டாப்ப இறுக்க ஒரு அலன் கீ, இப்பிடி ஒவ்வொண்ணா சேரும்.

இன்னொண்ணு கணக்கு போட்டுக் காட்டுறேன். ஸ்கோப்போட நடு பேரலுக்கு மேல நாலு நாலரை சென்டிமீட்டர் ஒசரத்துல இருக்கும், இரும்பு சைட்டு ஒண்ணே முக்கால், ரெண்டு சென்டிமீட்டர்தான். ரவை வினாடிக்கு சுமாரா 200 மீட்டர் வேகம்னு வைங்க. ரெண்டையும் 20 மீட்டருக்கு ஜீரோ பண்ணிட்டு, அதாவது அந்தத் தூரத்துல குறி வச்ச இடத்துலயே ரவை விழுற மாதிரி சரி பண்ணிட்டு, 10 மீட்டர்ல சுட்டா, ஸ்கோப் வச்சது ஒரு சென்டிமீட்டர் கீழ போகும், 5 மீட்டர்ல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலயே கீழ போகும். இரும்பு சைட்டு வச்சது 5 மீட்டர்ல இருந்து 20 மீட்டர் வரைக்கும் அரை சென்டிமீட்டருக்குள்ளயே மேல கீழ விளையாடும். டின்ன இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணுன்னு வச்சு சுடுற ஆளுக்கு இது எம்புட்டு பெரிய வசதி பாருங்க, தூரத்த யோசிக்கவே வேணாம். போதாக்குறைக்கு மலிவு ஸ்கோப்பு பலது 100 யார்டுக்குன்னு செட் பண்ணி வந்திருக்கும், 10 மீட்டர்ல படம் கலங்கலா தெரியும், தலைய லேசா நகத்துனா கிராஸ் குறி டார்கெட் மேலயே நகரும். 10 மீட்டர் வரைக்கும் ஃபோகஸ் கொண்டுவர்ற ஏர்கன் ஸ்கோப்னு தனியா இருக்கு, அதோட விலைதான் நீங்க பாத்த விலை.

16 மடங்கு பெருசாக் காட்டும்போது உங்க கை நடுக்கமும் 16 மடங்கு பெருசாத் தெரியும். நடுக்கம் கூடல, தெரியிறது கூடிருச்சு. கிராஸ் குறி டின்னத் தாண்டித் தாண்டி ஓடுறதப் பாத்தவுடனே, அது நடுவுல வர்ற நொடில டக்குன்னு டிரிக்கர இழுக்கணும்னு ஒரு அவசரம் வரும், அங்கதான் எல்லாம் போச்சு. புதுசா சுடுறவங்க அம்புட்டு பேருக்கும் வர்ற வியாதி இது, வந்துட்டா போக மாட்டேங்குது.

இனி நம்ம ஊரு சமாச்சாரம். மண்டபத்துல இருந்து வாலிநோக்கம் வரைக்கும் எந்த வீட்டு ஜன்னல் கம்பியவாச்சும் பாருங்க, உப்புக் காத்து என்ன பண்ணி வச்சிருக்குன்னு தெரியும். ஸ்கோப்புல லென்சுக்குள்ள பூஞ்சை பிடிச்சா துடைக்க வழி கிடையாது, நைட்ரஜன் அடைச்சு சீல் பண்ணதுன்னா ஓரளவு தப்பிக்கும், சீல் போனா அதுவும் போச்சு. போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கவங்ககிட்ட கேளுங்க, மழை மாசத்துல கேமரா லென்ஸ சிலிக்கா ஜெல் போட்டு டப்பால பூட்டி வச்சு என்ன பாடு படுறாங்கன்னு சொல்வாங்க. இரும்பு சைட்டும் துருப்பிடிக்கும், இல்லங்கல, ஆனா சுட்டு முடிச்சு கை வேர்வைய துணியால துடைச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால ஒரு தடவு தடவுனா முடிஞ்சது. தேங்காய் எண்ணெய் வேணாம், நாள்பட பிசுபிசுன்னு புடிச்சு மணலச் சேத்துக்கும். எந்த எண்ணெயா இருந்தாலும் வெளிய மட்டும்தான். ரவை போற ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள விட்டீங்கன்னா அழுத்தத்துல எண்ணெய் தீப்பிடிச்சு டமார்னு சத்தம், புகை, நாளடைவுல சீலும் ஸ்பிரிங்கும் காலி. அந்த டமார கேட்டுட்டு பவர் கூடிருச்சுன்னு சந்தோசப்படுற ஆளுகளும் இருக்காங்க, என்னத்தச் சொல்ல.

காத்து ஒரு பெரிய கணக்கு. 0.177 ரவை அரை கிராம்தான் எடை. கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கிற ஆடி மாசத்துல 25 மீட்டர்ல குறுக்கால காத்து அடிச்சா ஒரு இஞ்சு வாக்குல ரவைய தள்ளிட்டுப் போகும், அப்ப லட்ச ரூவா ஸ்கோப் வச்சாலும் தள்ளிட்டுதான் போகும். அந்த மாசங்கள்ல வெள்ளன எந்திரிச்சு கடல் காத்து எழும்புறதுக்கு முன்னாடி சுட்டுப் பழகுங்க, தென்னை ஓலை அசையாம இருக்க நேரம் பாத்து.

வெயில் இரும்பு சைட்டுக்கு உண்மையான எதிரி, அத மறைக்க வேணாம். வெள்ளை மணல்ல பட்டு எல்லாப் பக்கமும் கண்ணு கூசும், முன் குறியோட ஒரு பக்கம் வெயில் பட்டு பளபளன்னு இருந்தா கண்ணு அந்தப் பளபளப்பத்தான் குறின்னு எடுத்துக்கும், வெளிச்சம் இடப்பக்கம் வந்தா அந்த இடப்பக்க ஓரத்தையே நடுவுல வைப்பீங்க, ரவை வலப்பக்கம் போகும். இதுக்கு பழைய ஆளுக பண்ற வேலை, சூடம் கொளுத்தி அந்தப் புகைக்கு மேல முன் குறிய ஒரு நிமிசம் காட்டுறது. கரி ஏறி மையி மாதிரி பளபளப்பே இல்லாத கறுப்பாகிடும், ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி தெரியும். கைபடாம வச்சிருந்தா அன்னைக்கு முழுக்க நிக்கும், முடிஞ்சதும் துடைச்சுடலாம். ஆனா இத இரும்புல மட்டும் பண்ணுங்க. உங்க துப்பாக்கில முன்னாடி சிவப்பா பச்சையா மின்னுற ஃபைபர் இருக்குன்னா அது பிளாஸ்டிக், சூடத்துல காட்டுனா உருகிரும். அந்த ஃபைபர் வேகமா டின் அடிக்க நல்லாருக்கும், பேப்பர்ல குரூப், அதாவது ரவைக எம்புட்டு நெருக்கமா விழுதுன்னு, பாக்க நல்லாருக்காது, மின்னுற உருண்டைக்கு ஓரமே தெளிவா இருக்காது. கறுப்பு மார்க்கர்ல அத மூடிட்டு சுட்டுப் பாருங்க, பேப்பர்ல வித்தியாசம் தெரியும், பிடிக்கலைன்னா அழிச்சுக்கலாம்.

இப்ப எப்பிடி பாக்கிறதுன்னு. பின் குறி பள்ளத்துக்குள்ள முன் குறி நிக்கணும், ரெண்டு பக்கமும் தெரியிற வெளிச்சக் கீத்து சம அளவு, தலை மட்டம் ஒண்ணா. மூணு பொருள் மூணு தூரத்துல இருக்கு, கண்ணால ஒண்ணத்தான் தெளிவாப் பாக்க முடியும், அது எப்பவும் முன் குறியாத்தான் இருக்கணும். டின் கலங்கலாத் தெரியட்டும், பின் குறியும் கலங்கட்டும். எல்லாரும் டின்னத்தான் உத்துப் பாப்பாங்க, பாத்தா முன் குறி எங்க போச்சுன்னே தெரியாது. ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா, ரெண்டு குறிக்கும் நடுவுல 42 சென்டிமீட்டர் இருக்குன்னு வைங்க, முன் குறி பள்ளத்துக்குள்ள ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ஒதுங்கி நின்னாலே 20 மீட்டர்ல ரவை 5 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு மில்லிமீட்டர் ஒதுங்குனா அஞ்சு சென்டிமீட்டர் கிட்டத்தட்ட, பால் டின் தப்பிச்சிரும். ஆனா குறி ரெண்டும் சரியா உக்காந்து, முழுத் துப்பாக்கியும் லேசா ஆடுதுன்னா, அந்த ஆட்டம் டின் மேல ஆடுற அளவுக்குத்தான் தப்பும், பெருகாது. அதனால டின் மேல குறி மிதக்குதேன்னு பதறாதீங்க, மிதக்கட்டும், ரெண்டு குறியும் பிரியாம இருந்தாச் சரி.

பேப்பர்ல சுடும்போது கறுப்பு வட்டத்த முன் குறியால மறைச்சு நடுவுல வைக்காதீங்க. ரெண்டு மில்லிமீட்டர் அகலக் குறி 20 மீட்டர்ல அஞ்சு சென்டிமீட்டர மறைச்சிரும். வட்டம் முன் குறிக்கு மேல உக்காந்திருக்கிற மாதிரி, நடுவுல ஒரு நூல் வெள்ளை தெரியிற மாதிரி வச்சு, ரவை நடுவுல போய் விழுற மாதிரி பின் சைட்ட ஏத்திக்கணும். என்சிசில இருந்த ஆளா இருந்தா 0.22 ரைஃபிள்ல 25 கெஜத்துல குப்புறப் படுத்து குரூப்பிங் சுட்டது ஞாபகம் இருக்கும், அதே வேலைதான். ஜீரோ பண்ணும்போது ஒரு ரவை விழுந்த இடத்தப் பாத்து திருகக் கூடாது, அஞ்சு சுட்டு, அஞ்சும் சேந்து எங்க கூட்டம் போட்டிருக்குன்னு பாத்து, ரவை எந்தப் பக்கம் போகணுமோ பின் சைட்ட அந்தப் பக்கமே நகத்துங்க. முன் சைட்ட நகத்துற துப்பாக்கின்னா நேர் எதிர்ப்பக்கம்.

பிடிமானம் பத்தி ஒரு வரி, ஏன்னா சைட்டு மேல போடுற பழி பாதி இதுல வர்றது. ஸ்பிரிங் துப்பாக்கிய தோள்ல வச்சு இறுக்கி அமுக்கக் கூடாது, இடது உள்ளங்கைல சும்மா படுக்க வச்ச மாதிரி, உதைக்கிறப்ப அது இஷ்டத்துக்கு நகர விடணும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல, ஒரே அளவு லேசா. கட்டை மேலயோ செவுத்து மேலயோ நேரா வச்சு சுட்டீங்கன்னா துள்ளி வேற எங்கயாச்சும் போகும், சாக்க மடிச்சுப் போட்டு அதுக்கு மேல கைய வச்சு கை மேல துப்பாக்கிய வைங்க.

ஏர்வாடி சந்தனக்கூடு, கோயில் திருவிழான்னு பலூன் சுடுற கடை போடுவாங்கல்ல, அங்க இருக்க துப்பாக்கில முன் குறி வளைஞ்சு, பின் குறி லொடலொடன்னு ஆடும். அதுல ஜெயிக்கிற பசங்களப் பாருங்க, முதல் ரவைய கூட்டமா இருக்க பலூனுக்கு நடுவுல விட்டுட்டு எது வெடிச்சுதுன்னு பாப்பான், இடப்பக்கம் ரெண்டு பலூன் தள்ளி வெடிச்சுதுன்னா அடுத்தது வலப்பக்கம் ரெண்டு பலூன் தள்ளிக் குறி வைப்பான். கடைக்காரரு மூஞ்சி சுருங்கிரும். அந்தப் பையனுக்கு ஸ்கோப் குடுத்தா என்ன, குடுக்கலன்னா என்ன.

கண்ணு விசயத்துக்கு வர்றேன். உங்களுக்கு இருபத்தி சொச்சம் வயசுன்னு நெனைக்கிறேன், பிரச்சனை இல்ல. நாப்பதத் தாண்டுனா கிட்டத்துல இருக்கது மங்கும், முதல்ல பின் குறி பள்ளம் கம்பளி நூல் மாதிரி பிசிறடிக்கும், அப்புறம் முன் குறியும். எங்க சித்தப்பா ஒருத்தர் அறுபதத் தாண்டுனவரு, உச்சிப்புளிக்காரரு, இன்னமும் என்கூட சுடுவாரு. அவரு கண்ணாடில வலது கண்ணாடிச் சில்லு மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, துப்பாக்கிய கன்னத்துல வச்சு கண்ணு எந்த இடம் வழியாப் பாக்குதுன்னு என்னய ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, அந்த இடத்துல கோணி ஊசியக் காய வச்சு சின்னதா ஒரு ஓட்டை போட்டு வச்சிருக்காரு. ஓட்டை வழியாப் பாத்தா முன் குறி, பின் குறி, டின்னு மூணுமே ஓரளவுக்குத் தெளிவாயிடும், வெளிச்சம் மட்டும் குறையும். கேமரால அப்பர்ச்சரச் சின்னதாக்குனா முன்னாடி பின்னாடி எல்லாம் தெளிவா விழுதுல்ல, அதே சங்கதி. போட்டிக்காரங்க வைக்கிற பீப் சைட்டுலயும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் ஓட்டைதான், அது துப்பாக்கில இருக்கு, சித்தப்பாவுக்கு கண்ணாடில இருக்கு. முறையாப் பண்ணணும்னா கண் டாக்டர்கிட்ட போய் முன் குறி இருக்க தூரத்தச் சொல்லி, தூரப் பவர்ல அரை பாயின்ட் பிளஸ் கூட்டி சுடுறதுக்குன்னு ஒரு கண்ணாடி வாங்கலாம், நிறைய வயசான ஷூட்டர்க அப்பிடித்தான் பண்றாங்க.

ஸ்கோப் எப்ப வேணும்னும் சொல்லணும்ல, இல்லன்னா ஒருதலையாப் பேசுன மாதிரி ஆயிடும். 35, 40 மீட்டருக்கு அங்கிட்டு சின்ன டார்கெட் சுடணும்னா வேணும். ஃபீல்டு டார்கெட் மாதிரி தூரத்த அளந்து சுடுற விளையாட்டுக்கு வேணும். கண்ணுல ரெட்டினா கோளாறு, புரை இப்பிடி இருந்து முன் குறி எந்தக் கண்ணாடிக்கும் தெளியலைன்னா வேணும், அங்க பிடிவாதம் பிடிக்கக் கூடாது. துப்பாக்கிலயே சைட்டு இல்லாம வர்ற மாடலும் இப்ப நிறைய, அதுக்கும் வேற வழி கிடையாது. ரவை எது பேரலுக்கு ஒத்துப்போகுதுன்னு பாக்குறதுக்கு ஸ்கோப் ரொம்ப உதவும், யாருகிட்டயாச்சும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கலாம். 20 மீட்டர்ல ரவை ஓட்டை வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அதுவும் நெசம்தான், அதுக்கு ஒரு சாதாரண பைனாகுலர் போதும். இல்ல நடந்து போய்ப் பாருங்க. ஒவ்வொரு ஓட்டையையும் உடனே பாக்காம அஞ்சு சுட்டுட்டுப் போய்ப் பாத்தா மனசு அலைபாயாது, குரூப்பும் நல்லா வரும், இது என் அனுபவம்.

சட்டம் சுருக்கமா. 0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்ல, 0.22 எடுத்தா ஆயுத லைசென்ஸ் கணக்குல வந்துரும். பில்ல பத்திரமா வைங்க, வண்டில கொண்டுபோனா உறைல போட்டு, லோடு இல்லாம. பறவை முயல்னு எதையும் சுடுற பேச்சே வேணாம், 1972 வன உயிரினச் சட்டம் இருக்கு, முன்னாடி காக்கா, எலின்னு தொல்லை தர்றதுகளுக்குன்னு தனியா ஒரு பட்டியல் இருந்துச்சு, 2022 திருத்தத்துல அந்தப் பட்டியலையே தூக்கிட்டாங்க, இப்ப காக்காயும் பாதுகாப்புல இருக்கு. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டைன்னு நம்ம மாவட்டம் முழுக்க பறவை வந்து இறங்குற கம்மாய்க, அந்தப் பக்கம் துப்பாக்கியோட தலையே காட்டக் கூடாது. மன்னார் வளைகுடாவுல இருக்க ஆளில்லாத தீவெல்லாம் தேசியப் பூங்கா, அங்கயும்தான்.

பின்னாடி என்ன இருக்குன்னு பாத்து வைங்க. ரவை ஏர்கன்தானேன்னு நெனைக்காதீங்க, தப்பிப் போனா சில நூறு மீட்டர் போகும், தோப்புக்கு அங்கிட்டு யாரு கருவேலம் வெட்டிக்கிட்டு இருக்காங்கன்னு தெரியாது. தென்னை மரத்துலயோ பனை மரத்துலயோ டார்கெட்ட ஆணியடிச்சு சுடாதீங்க, பனை வைரம் பாஞ்ச மரம், உருண்டையா வேற இருக்கும், ரவை எங்கிட்டு வேணாலும் திரும்பி வரும். சாக்குல மணல் கட்டி மூணு அடுக்கு அடுக்கி அதுக்கு முன்னாடி டின்ன வைங்க. மணலுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம். கண்ணுக்கு அடி தாங்குற பாதுகாப்புக் கண்ணாடி ஒண்ணு போட்டுக்கோங்க.

ஸ்கோப்புக்குன்னு வச்சிருக்க காசுல என்ன வாங்கலாம்னா, முதல்ல ரவை. ஒரே 0.177னாலும் கம்பெனிக்குக் கம்பெனி தலை அளவும் எடையும் கொஞ்சம் மாறும், ஒரு பேரலுக்குப் பிடிச்சது இன்னொண்ணுக்குப் பிடிக்காது. மூணு நாலு வகைல ஒவ்வொரு டப்பா வாங்கி, கை மேல வச்சு 15 மீட்டர்ல ஒவ்வொண்ணுலயும் அஞ்சஞ்சா மூணு பேப்பர் சுட்டு, எது நெருக்கமா விழுதோ அத மொத்தமா வாங்கிடுங்க. பேப்பருக்கு தட்டைத் தலை ரவை, ஓட்டை வட்டமா பஞ்ச் மெஷின்ல போட்ட மாதிரி விழும், எண்ணுறது சுலபம், ஆனா 25 மீட்டரத் தாண்டுனா அது தடுமாறும், அப்ப உருண்டைத் தலை. ரவைய லோடு பண்றதுக்கு முன்னாடி பாவாடை, அதான் ரவையோட பின்பக்கம் விரிஞ்சிருக்க ஓரம், நசுங்கிருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, நசுங்கினதத் தனி டப்பால போட்டு டின்னுக்கு வச்சுக்கலாம். அதுக்கும் மேல காசு மிஞ்சுனா, உங்க துப்பாக்கில பின்னாடி ஸ்கோப் மாட்டுற அந்த 11 மில்லிமீட்டர் பள்ளம் இருந்துச்சுன்னா அதுல மாட்டுற பீப் சைட்டு ஒண்ணு வாங்குங்க. பெரும்பாலும் ஸ்கோப்பவிட ரொம்ப மலிவு, குறி ரெண்டுக்கும் நடுவுல இருக்க தூரமும் கூடும். ஒரே ஒரு சங்கடம், அது மாட்டுற இடம் மூட்டுக்குப் பின்னாடி, அதனால மேல சொன்ன பேரல் ஆட்டம் அதுலயும் கொஞ்சம் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி துப்பாக்கிய மூடி, பேரல் நுனியப் பிடிச்சு பக்கவாட்டுல லேசா ஆட்டிப் பாருங்க, ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா மூட்டு போல்ட்ட இறுக்கச் சொல்லிட்டு அப்புறம் வாங்குங்க.